செனோனின் ஆட்டுத்தோல்கள்

கம்பளிப் போஞ்சோவைக் கேள். கலப்பையைக் கேள். காளையைக் கேள், இரண்டில் நல்லதாகப் பார்த்துக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு போ. அந்தத் தோல்களை மட்டும் கேட்டுவிடாதே, காசிமிரா. கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

தொமாசா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கணுக்கால் ஆழ நீரில் நின்று, செத்துப்போன கணவனின் கம்பளிக் காற்சட்டையைப் பாறைமேல் போட்டு மிதித்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முந்தின மாதம். யூராக்மாயு பெயருக்குத்தான் ஆறு. வெள்ளைக் கூழாங்கற்களுக்கு நடுவே மாடு மூத்திரம் பெய்த அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே நிற்பவள் அலசுகிற அழுக்கு கீழே நிற்பவள் காலைச் சுற்றும். கீழே நிற்பவள் மேலே பார்த்துத் திட்டுவாள்.

செனோனைப் புதைத்து எட்டாம் நாள். எங்கள் பள்ளத்தாக்கில் எட்டாம் நாள் செத்தவரின் துணி ஆற்றுக்கு வந்தாக வேண்டும். கிழிந்ததை ஆண்கள் கரையில் தீமூட்டி எரிப்பார்கள். உடுத்த முடிவதைப் பெண்கள் துவைத்து முள்மரங்களின்மேல் காயப்போடுவார்கள். காய்ந்ததும் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் பங்கு. துணியும் கருவியும் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். படுக்கை மட்டும் உடன்பிறந்த ரத்தத்துக்கு. ஒவ்வொரு நவம்பரிலும், செத்தவர்கள் ஊர் திரும்பும் நாளில், தங்கள் படுக்கை எங்கே விரித்திருக்கிறதோ அங்கேதான் வந்து தலைசாய்ப்பார்கள். மனைவி வீட்டை நம்ப முடியாது. மனைவி வேறொருவனுக்குச் சமைக்கப் போய்விடலாம்.

"ஏ தொமாசா, மிதிக்கிறியா, மிரட்டுறியா?" என்றாள் எமெத்தேரியா. எட்டாம் நாள் சலவைக்கு எங்கள் பக்கத்தில் அவள்தான் தலைமை. "அந்த மனுசன் காலு இன்னும் அதுக்குள்ள இருக்கற மாதிரி மிதிக்கிற."

"அழுக்கு போக வேண்டாமா அக்கா."

"போற அழுக்கு போகும். எம் மொத ஆளு துணிய இதே கல்லுலதான் மிதிச்சேன். ரெண்டாவது ஆளுதும் இதே கல்லுதான். கல்லு தேஞ்சு போச்சு, நான் தேயல."

"மூணாவது ஆளு யாருன்னு சொல்லிட்டா நாங்க இப்பவே சோப்பு வாங்கி வெச்சுருவோம்" என்றாள் கீழே நின்ற ஒருத்தி.

"உம் புருசன்தான். போய்ச் சொல்லு, நல்லா சாப்ட்டு உடம்ப தேத்திக்கிடச் சொல்லு."

சிரிப்பு ஆற்றின் இரண்டு பக்கமும் போய் வந்தது. எட்டாம் நாள் சிரிக்கலாம். சிரிக்கத்தான் வேண்டும் என்பார்கள், செத்தவருக்குப் போகிற வழி லேசாகும். தொமாசாவும் சிரித்தாள். சிரித்தபடியே கரையைப் பார்த்தாள்.

கரையில் வளைந்து நின்ற முள்மரத்தின் மேல் அந்தத் தோல்கள் ரோமம் மேலே தெரியக் கிடந்தன. ஐந்தோ ஆறோ ஒன்றோடொன்று தைத்தவை. ஒருகாலத்தில் வெள்ளை, இப்போது கரும்புச்சாற்று நிறம். செனோன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதில்தான் படுத்தான். அவனும் காசிமிராவும் தாயில்லாமல் வளர்ந்த காலத்தில் இரண்டு பேரும் அதற்குள்தான் சுருண்டு கிடந்தார்கள் என்று அவனே சொல்லியிருக்கிறான். பிறகு தொமாசா வந்து படுத்தாள். அதன்மேல்தான் வில்பெர் பிறந்தான், ஒர்ஃபேலியா பிறந்தாள்.

காலையில் கழுதைமேல் ஏற்றுவதற்காக அதைச் சுருட்டியபோது தையல் ஓரத்தில் மூன்று பூச்சிக் குஞ்சுகள் ஓடின. இன்னும் சிறகு முளைக்காதவை. இரவில் ரத்தம் குடித்து நோயை ஏற்றிவிடும் வின்சூக்கா பசியோடிருந்தால் கோதுமை உமி மாதிரி இருக்கும், தட்டையாக, காற்றடித்தால் பறந்துவிடும்போல. குடித்துவிட்டால் திராட்சை. இந்த மூன்றும் உமியாக இருந்தன. எட்டு நாளாக அந்தப் படுக்கையில் யாரும் படுக்கவில்லை.

மூன்றையும் நகத்தில் வைத்து நசுக்கினாள். பிறகு விரலால் ரோமத்தைப் பிரித்துப் பார்த்தாள். வேர் அடியில், தோலோடு ஒட்டினாற்போல, வெள்ளை மணிகள். கம்பு விதையைவிடச் சின்னது. உதறினால் சில உதிர்ந்தன. சில உதிரவில்லை. எத்தனை இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்.

*

"மதினி, தண்ணி மேல நல்லா இருக்கு, வாங்க" என்று காசிமிரா அழைத்தாள்.

காசிமிரா செனோனின் ஒரே தங்கை, அனிசெத்தோவின் மனைவி, சின்னப்பெண் நெல்வாவின் அம்மா. எட்டு நாளாக அழுது கண்ணிமை தடித்திருந்தது. அழுகைக்கு நடுவிலும் வேலையை விடாதவள். சாவு வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் நிலக்கடலைச் சூப் கொதிக்க வைத்ததும், சோளக் கள்ளுக்குச் சொல்லி அனுப்பியதும் அவள்தான். தொமாசாவை உட்காரவைத்து வாயில் கரண்டியால் ஊட்டியதும் அவள்தான்.

இருவரும் கூழாங்கற்களின் மேல் ஏறி நடந்தார்கள். சாணி மணமும் வெயில் மணமும். எதிர்ச் சரிவில் காசிமிராவின் வீடு சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. சிவப்பு ஓடு. இந்தப் பக்கம் தொமாசாவின் வீடு மலையின் நிறத்திலேயே இருந்ததால் தெரியவில்லை.

"அந்தத் தோல் காஞ்சிருச்சு மதினி. இப்பவே திருப்பிப் போட்டுட்டு வந்தேன். அண்ணன் வாசனை அப்படியே இருக்கு." காசிமிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெல்வாவுக்கு விரிக்கப் போறேன். மாமா மாமான்னு உசுர விட்டா இல்ல? அவ பக்கத்துல வந்து படுத்துக்கட்டும் எங்கண்ணன்."

தொமாசா வாளியைக் கீழே வைத்தாள்.

"காசி, அதுல பூச்சி இருக்கு."

"எதுல?"

"தோல்ல. வின்சூக்கா. காலைல பார்த்தேன். முட்டையும் இருக்கு."

காசிமிரா அவளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பூச்சி இல்லாத தோலு எங்க இருக்கு மதினி, வானத்துலயா? வெயில்ல போட்டாச்சு. நல்லா ரெண்டு தட்டு தட்டுனா போயிரும்."

"பூச்சி ஓடும். முட்டை ஓடாது."

"ஓடலேன்னா இருந்துட்டுப் போகட்டும். எஞ் சுவத்துல ஊசி நுழைய எடமில்ல. அது வந்து எங்க ஒளியும்? வீடு பூசுற திட்டத்து ஆளுங்க என்ன சொன்னாங்க? பூசின வீட்டுல பூச்சி பொழைக்காதுன்னு சொன்னாங்களா இல்லியா?"

"சுவத்துல பொழைக்காதுன்னாங்க. உங் கட்டிலு நாணல் கட்டிலு. கட்டிலுக்கு அடியில கினிப்பன்னிய மறுபடி விட்டிருக்க."

"குளுருக்கு விட்டேன். அதுகளும் உசுருதான?"

"பூச்சிக்குச் சோறு அதுகதான் காசி. அதுக இருந்தாப் போதும், ஒரு முட்டை பொரிஞ்சாப் போதும். நெல்வா ரத்தத்தப் பள்ளிக்கூடத்துல பார்த்தப்ப ஒண்ணுமில்லன்னாங்க. நம்ம குடும்பத்துலயே அவ ஒருத்திக்குத்தான்..."

"நெறுத்துங்க மதினி."

காசிமிராவின் முகம் மாறிவிட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கீழே பெண்கள் இருந்தார்கள்.

"எங்கண்ணன் என்ன பன்னித் தொழுவத்துலயா படுத்தாரு? இத்தன வருசம் அவருக்குப் படுக்கைய விரிச்சது யாரு, நானா? பூச்சி இருந்துச்சுன்னா அப்ப ஏன் நீங்க பாக்கல? இப்ப, அவரு போய் எட்டாம் நாளு, ஆத்தங்கரையில வெச்சு, அவரு படுத்த படுக்கை நாறுதுன்னு சொல்றீங்க. கீழ கேட்டுச்சுன்னா என்ன பேசுவாளுக?"

தொமாசா பார்க்காமல் இல்லை. வாரம் தவறாமல் படுக்கையை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். முள்மரத் தழையை எரித்துப் புகை காட்டியிருக்கிறாள். ஒரு முறை கொதிநீர் ஊற்றினாள், ஊற்றிய மூலை பலகை மாதிரி விறைத்துச் சுருங்கிவிட்டது, செனோன் இரண்டு நாள் பேசவில்லை. என்ன செய்தாலும் அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் கூரையிலிருந்தும் சுவர் வெடிப்பிலிருந்தும் புதிது வந்தது. காலையில் சுவரில் பூச்சி எச்சம் காப்பிக் கறை மாதிரிக் கோடு கோடாக இருக்கும். அவள் துடைத்துவிட்டு உலை வைப்பாள். முகத்தைத் துடைப்பது போல அது ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது. இதையெல்லாம் யாரிடம் எடுத்துச் சொல்வது. சொன்னால், கணவனைப் பூச்சிக்குக் கொடுத்தவள் என்பார்கள். சொல்லாவிட்டாலும் அது உண்மைதானே என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் இருந்தது.

"நானும் அவரும் அந்தத் தோல்லதான் வளந்தோம்" என்றாள் காசிமிரா, கொஞ்சம் இறங்கி வந்து. "எனக்கு என்ன ஆச்சு? பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

நீ சோதனைக்கு ரத்தம் கொடுக்கவே இல்லையே என்று தொமாசா நினைத்தாள். ரத்தம் எடுக்க ஜீப் வந்த அன்று நீ சோளக்காட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்றாய். செனோனும் கல்லு மாதிரித்தான் இருந்தான், முப்பத்தைந்து வயதுவரை.

காசிமிரா அவள் தோளைத் தொட்டாள். "வருத்தப்படாதீங்க. துக்கத்துல நெஞ்சு எதையெதையோ நெனக்கும். அனிசெத்தோ சொல்லிட்டாரு, சோளம் வெதச்சு முடிஞ்சதும் ஆளுங்களக் கூட்டிட்டு வந்து உங்க வீட்டப் பூசிக் குடுத்துருவோம்னு. அண்ணன் செஞ்ச முறை வேலையெல்லாம் சும்மா போகுமா? சமையல் என் பொறுப்பு. நீங்க ஒரு கல்லக்கூடத் தூக்க வேண்டாம்."

*

அந்தப் பூச்சுவேலைதான் செனோனைக் கொன்றது என்று சொன்னால் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தொமாசாவுக்கு அப்படித்தான் தோன்றும்.

வீடுகளைச் சீர்செய்யும் திட்டக்காரர்கள் வந்தபோது ஓடும், சுண்ணாம்பும், தரைக்குச் சிமெண்டும் அவர்கள் தந்தார்கள். மண்ணும் வைக்கோலும் உழைப்பும் வீட்டுக்காரர் தர வேண்டும். அந்த வருஷம் பள்ளத்தாக்கே மண் குழைத்துக்கொண்டிருந்தது. கள்ளி மடல்களை நறுக்கித் தொட்டியில் ஊறப்போட்டார்கள். அது கொழகொழத்துச் சளி மாதிரி ஆகி, தெருவெல்லாம் புளித்து நாறியது. அந்தச் சாற்றை ஊற்றி, மண்ணும் வைக்கோலுமாகக் குழியில் இறங்கி மிதிக்க வேண்டும். மிதித்து, ஊறவிட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். அப்போதுதான் காய்ந்த பிறகு வெடிக்காது. வெடித்தால் பூச்சிக்கு வாசல். ஒருவர் வீட்டுக்கு மற்றவர்கள் முறை போட்டு வந்து மிதித்தார்கள். வந்தவர்களுக்கு இவர் திரும்பப் போய் மிதிக்க வேண்டும்.

செனோன் தன் குழியில் ஒரு காலைப் பொழுது இறங்கினான். மதியம் ஏறி வந்தபோது உதடு சாம்பல் நிறமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நெஞ்சுக்குள்ள ஒரு கோழி படபடங்குது தொமா" என்றான். அனிசெத்தோ ஆட்களோடு வந்து நின்றான். செனோன் திருப்பி அனுப்பிவிட்டான். "திரும்பி வந்து மிதிக்க எனக்கு உடம்பு இல்ல. திருப்ப முடியாத முறைய நான் வாங்க மாட்டேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் திட்டம் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்டது. குழியில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது.

ஒர்ஃபேலியாவின் ரத்தத்தில் பூச்சி நோய் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். தொமாசா அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் நல்ல பெண்தான், உட்கார வைத்துப் பேசினாள். "மாத்திரை இருக்கும்மா. ஆனா மாத்திரைய முழுங்கிட்டு அதே வீட்டுல போய்ப் படுத்தா மறுபடி கடிக்கும், மறுபடி வரும். வீட்டப் பூசி, மருந்து அடிச்சுட்டு வாங்க. அப்ப ஆரம்பிக்கலாம். இப்ப ஆரம்பிச்சாதான் பலன். வயசானா அது நெஞ்சுல போய் உக்காந்துரும்." செனோனுக்கு என்ன தருவீர்கள் என்று தொமாசா கேட்டாள். நர்ஸ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கனமான வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அதைக் கேட்டு செனோன் சிரித்தான். லேசான வேலை எங்கே விளைகிறது, அதையும் கேட்டு வந்திருக்கலாமே என்றான்.

ஆனால் மகளுக்கு மாத்திரை வேண்டும் என்பது அவனுக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு முறைகளைச் சேர்க்க ஆரம்பித்தான். யார் வீட்டில் களத்துமேடு மெழுகினாலும், யார் வீட்டில் நிலக்கடலை பிடுங்கினாலும் முதலில் போய் நின்றான். திருப்பித் தர முடியாதவன் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிறகு தலைநிமிர்ந்து வாங்கலாம் இல்லையா. வாய்க்கால் தூர்வாரும் நாளில் அனிசெத்தோவின் பங்கையும் தானே வாருவதாகச் சொல்லிப் போனான். உச்சி வெயிலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். களைப்புத் தீரக் கோக்கா இலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். தண்ணீர் திறந்துவிட்டபோது எழுந்திருக்கச் சொல்லிக் கத்தினார்கள். தண்ணீர் வந்து காலை நனைத்தது. எழுந்திருக்கவில்லை.

மூத்தவன் வில்பெர் செத்தது இதைப்போல இல்லை. அது குழந்தை. ஒரு கண் மட்டும் வீங்கி ஊதா நிறமாய் மூடிக்கொண்டது. தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கழுவினாள். தேனீ கொட்டியிருக்கும் என்றார்கள், வின்சூக்கா கடித்தாலும் அப்படி வீங்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. காய்ச்சல் விடவேயில்லை.

*

வெயில் சாய்வதற்குள் எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது. ஆண்கள் கிழிசல்களைத் தீயில் போட்டுக் கம்பால் கிளறினார்கள். செனோனின் பழைய தொப்பி எரியும்போது ரோமம் கருகிய நாற்றம் வந்தது. ஒர்ஃபேலியா மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பக்கம் வந்தாள். பதினேழு வயது. நெடுநெடுவென்று அப்பாவின் உயரம்.

"அத்தை கோவமா இருக்கா. என்னம்மா சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"தோலுக்கா? குடுத்துருமா. நமக்கு எதுக்கு அது. அனிசெத்தோ மாமா நவம்பர் கழிஞ்சதும் மண்ணு குழைக்க வர்றேன்னு எங்கிட்டயே சொன்னாரு. வீடு பூசிட்டா நான் போய் மாத்திரை வாங்கிக்குவேன்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் அப்பா மாதிரி ஒக்காந்துருவேனோன்னு இருக்கும்மா எனக்கு. படி ஏறினா இங்க ஒரு மாதிரி பண்ணுது."

அவள் தொட்டுக் காட்டிய இடத்தைத் தொமாசா பார்த்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து நூல் தொங்கியது. தைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். வேறு எதையும் அந்த நேரத்தில் நினைக்க முடியவில்லை.

"அது நெசமாப் பண்ணாது. பயத்துல பண்ணும்" என்றாள்.

"அப்ப சரி" என்று ஒர்ஃபேலியா சிரித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

தோல்களைத் தீயில் போட்டுவிடலாம். தொமாசா காலையிலிருந்தே அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தூக்கில் தொங்கியவனுடைய படுக்கையைத்தான் எங்கள் ஊரில் எரிப்பார்கள், அவன் திரும்பி வரக் கூடாது என்பதற்காக. செனோனின் படுக்கையை எரித்தால் அந்தப் பெயர் அவனுக்கு வரும். ஒர்ஃபேலியாவுக்கும் வரும்.

சோளத்தை அவித்துக் கொட்டியிருந்தார்கள். பெரிய பானையில் நிலக்கடலைச் சூப். அம்மிக்கல்லைக் கழுதைமேல் ஏற்றிவர முடியாதென்று எமெத்தேரியா இரண்டு ஆற்றுக்கல்லை வைத்தே மிளகாய் அரைத்திருந்தாள். எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார்கள்.

"செனோனுக்குக் காரம் புடிக்கும். ஊத்துங்கடி அவனுக்கும்" என்று எமெத்தேரியா மணலில் ஒரு கரண்டி ஊற்றினாள். "நவம்பர்ல வர்றப்ப மறக்காம எம் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. சண்டை போடாம வரச் சொல்லு."

அனிசெத்தோ எழுந்து நின்றான். மெலிந்த, அதிகம் பேசாத மனிதன். அவனுடைய பங்கு வாய்க்காலை வாரும்போதுதான் செனோன் செத்தான் என்பதை எட்டு நாளில் ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தொமாசாவின் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். இப்போது ஒவ்வொரு பொருளாக எடுத்து உயர்த்திக் காட்டினான். சட்டைகள் போயின. போஞ்சோவைச் செனோனின் சிற்றப்பன் மகன் வாங்கி, அங்கேயே தலைவழியாகப் போட்டுக்கொண்டான். மண்வெட்டியை எடுத்தபோது அனிசெத்தோவின் கை தயங்கியது.

"இது எனக்கு வேணும் அக்கா" என்றான் தொமாசாவிடம். "உங்க வீட்டு மண்ணை இதாலதான் வெட்டுவேன்."

தொமாசா தலையசைத்தாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அப்போது நெல்வா ஓடிவந்தாள். எட்டு வயது, இரண்டு சடை, முழங்கையெல்லாம் மணல். காசிமிரா ஏற்கெனவே தோல்களை மரத்திலிருந்து எடுத்து மடித்துத் தன் பக்கத்தில் வைத்திருந்தாள். நெல்வா நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ரோமத்துக்குள் விட்டு அளைந்தாள்.

"சூடா இருக்கும்மா. மாமா இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி."

காசிமிரா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொமாசா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் கீறிய கோடுகள் இருந்தன, கொசுக்கடி ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை. என் சுவர் முழுக்கப் பூச்சி இருக்கிறது, இந்தத் தோல் போனால் அங்கே ஒன்றும் குறைந்துவிடாது. இவள் எடுத்துப்போனால் எனக்கு வீடு கிடைக்கும், மறுத்தால் மண் குழைக்க யாரும் வர மாட்டார்கள். ஒர்ஃபேலியாவுக்கு மாத்திரை கிடைக்கும். ஒருவேளை முட்டை பொரியாமலே போகலாம். பொரிந்தாலும் கடிக்காமல் போகலாம். கடித்தாலும் எல்லோருக்கும் நெஞ்சு கெட்டுப்போவதில்லை, ரத்தத்தில் நோயோடே எமெத்தேரியா இத்தனை வயசுக்கு இருக்கிறாளே. அவள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். அடுக்கி முடித்த பிறகும் அந்தக் கைகள் ரோமத்துக்குள்தான் இருந்தன.

"மதினி" என்றாள் காசிமிரா, எல்லோருக்கும் கேட்கும்படி, முறைப்படி. "அண்ணன் படுக்கைய எங் கையில குடுங்க."

கொடுப்பவள் இரண்டு கையாலும் தூக்கித் தலைக்கு மேல் உயர்த்திக் கொடுக்க வேண்டும். தொமாசா எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டாள். நடந்து வந்து நெல்வாவின் முன்னால் குனிந்தாள்.

"எந்திரி கண்ணு."

குழந்தையின் கைகளை ரோமத்திலிருந்து எடுத்தாள். விரல்களுக்கு நடுவே பார்த்தாள். தள்ளி நிறுத்தி, பாவாடை மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து உதறினாள். சடையைத் தூக்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு மேல என்ன மதினி ஒட்டியிருக்கு?" காசிமிரா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் முன்பு ஆற்றின் மேற்பக்கம் பேசிய பேச்சை இங்கே பேசிவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சவும் செய்தன, மிரட்டவும் செய்தன.

"ஒண்ணும் ஒட்டல."

"அப்பக் குடுங்க."

அனிசெத்தோ மண்வெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். ஒர்ஃபேலியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பூச்சி என்ற சொல் தொமாசாவின் வாய்வரை வந்தது. சொன்னால் காசிமிரா சிரிப்பாள், தட்டினால் போகும் என்பார்கள், நான்கு பேர் வந்து வெயிலில் நான்கு தட்டு தட்டுவார்கள், சுத்தமாகிவிட்டது என்று குழந்தையின் தலையில் ஏற்றி அனுப்புவார்கள். பூச்சிக்கு இங்கே எல்லோரிடமும் பதில் இருந்தது. எனக்கு வேண்டும் என்கிற பேராசைக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

"இல்ல காசி" என்றாள். "படுக்கை எங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு வேணும்."

"என்னது?" என்றது யாரோ. "அடிப்பாவி, தோலுக்கா" என்று எமெத்தேரியா மெதுவாகச் சொன்னது மணல்வெளியில் நன்றாகக் கேட்டது.

காசிமிரா ஓரடி முன்னால் வந்தாள். "உடம்பொறந்தவ நான் இருக்கேன். அண்ணன் நவம்பர்ல வந்து எங்க படுப்பாரு?"

தொமாசா மண்டியிட்டு உட்கார்ந்தாள். ரோமம் உள்ளே போகும்படி தோல்களின் ஓரத்தைப் பிடித்து, இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் சுருட்டத் தொடங்கினாள்.

"எங்கூடவே படுக்கட்டும்" என்றாள்.